சம்பந்தி வீட்டு இசைத்தட்டு

எனக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பொய்யில்லை. முப்பது வருஷமாக மைக் செட் போட்டுப் பிழைக்கிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். மாதா கோயில் தேர்த் திருவிழாவில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது மைக் ‘கூய்’ என்று கத்தினால் அத்தனை தலையும் என் பக்கம்தான் திரும்பும். ஆடி மாசம் கூழ் ஊற்றுகிற இடத்தில் பாட்டு நின்றாலும், கட்சிக் கூட்டத்தில் பேச்சாளருக்குத் தொண்டை கட்டினாலும் குற்றவாளி நான்தான். இத்தனை பேரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் வீட்டுக்கு வந்துதானே கத்த முடியும்.

அப்படிக் கத்தியதில் ஒரு தடவை என் மகளிடமே வாயை விட்டேன். அதிலிருந்துதான் இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் டவுனில், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்கள். மாப்பிள்ளையின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. பையனுக்குப் பிரான்சில் வேலை. அவர்களைப் போல நாங்களும் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனால் என் தாத்தா ஏர் ஓட்டியவர். நாங்கள் ரெட்டியார்பாளையத்துக்கு வந்ததே மைக் செட்டை நம்பித்தான். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பூசை, பேண்டு, பிரியாணி, முடிந்தது. அவர்கள் வீட்டில் அப்படி இல்லை. வரவேற்பில் பெண்ணும் பெண்ணின் அப்பாவும் கையைக் கோத்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆட வேண்டும். வால்ஸ் என்று பெயர். அது முடிகிறவரை வேறு யாரும் ஆட்டத் தரையில் கால் வைக்கமாட்டார்களாம், தட்டில் கை வைக்கமாட்டார்களாம்.

மகள் சென்னையில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் தயங்கித் தயங்கி இதைச் சொன்னாள். நான் அப்போது ஒரு ஹாரன் ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்தேன். என்னை என்ன கோமாளி என்று நினைத்தாயா, வேறு ஆளைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அவள் ராத்திரி பஸ்ஸில் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மனைவி சொன்னாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் நன்றாக ஆடுவாராம். அவரே என் இடத்தில் ஆடட்டும், அப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். எனக்கு அது அவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கல்யாணமாகிப் பதினொன்றாவது நாள் அவளுக்குப் பிரான்சுக்கு விமானம். அதற்குமுன் அத்தனை பேர் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுக் கூடத்தில் யாரோ ஒருத்தர் நிற்க, நான் ஓரமாக வயர் சுற்றிக்கொண்டு நிற்பதா? உடனே போனைப் போட்டேன்.

“பாப்பா, நான்தான் ஆடுவேன். எவனும் வர வேணாம்.”

“சரிப்பா” என்றாள். குரலில் சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை.

அந்த வாரமே சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாட்டுக்கு ஆட வேண்டும் என்று கேட்டதும் அலமாரியிலிருந்து பட்டுத்துணியில் சுற்றிய ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு சின்ன ஊர் வாத்தியக் குழு பதிந்த வால்ஸ். அவர் கணவர் பிரான்சிலிருந்து வாங்கி வந்தது. அவர்கள் கல்யாணத்திலும் அதுதான், மூத்த பெண் கல்யாணத்திலும் அதுதான். நெட்டில் கிடையாது, மாப்பிள்ளை தேடாத இடமில்லை. ரெக்கார்ட் பிளேயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதோடு வந்த ஆம்ப்ளிஃபையர் ஒரு புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டது. அன்றிலிருந்து அந்தத் தட்டு பேசவில்லை. அதனால் இந்தக் கல்யாணத்துக்கு லேப்டாப்பில் வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறார்களாம்.

இங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

“லேப்டாப் எதுக்கு சம்மந்தி? தட்டு, பிளேயர் ரெண்டையும் என்கிட்ட குடுங்க. நான் பொறந்து வளந்ததே ரெக்கார்டுக்கு நடுவுலதான்” என்றேன்.

அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். கீறல் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஹாரன், பாக்ஸ், வயர் என்று எல்லாம் அங்கேதான். பிளேயரை மேஜைமேல் வைத்து ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தேன். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டால் எங்கோ எறும்பு பாடுகிற மாதிரி இருந்தது. அடேடே, சின்ன சிக்னல் போலிருக்கிறது என்று மைக் மாட்டுகிற ஓட்டையில் மாட்டினேன். வந்தது பாருங்கள் ஒரு சத்தம். வயலின் எல்லாம் தகர டப்பாவைப் பிராண்டுகிற மாதிரி கீச்சுக் கீச்சென்று கத்தியது. அடிக்குரல் துளியும் இல்லை. பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் பாட்டுக்குப் பதிலாக ‘ங்ங்ங்’ என்று இரைச்சல்தான் கூடியது.

இதில் ஆட வேறு கற்றுக்கொள்ள வேண்டும். மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வால்ஸ் என்றால் மூன்று மூன்றாக எண்ண வேண்டுமாம். ஒண்ணு கனமாக விழும், இரண்டும் மூணும் லேசு. அந்த ஒண்ணில்தான் பெரிய காலை எடுத்துவைக்க வேண்டும். அந்த ஒண்ணைச் சொல்வது அடிக்குரல் வாத்தியம். என் கொட்டகையில்தான் அடிக்குரலே இல்லையே. மனைவியை எதிரே நிறுத்திக்கொண்டு நான் ஒண்ணு என்று முன்னால் போனால் அவளும் ஒண்ணு என்று முன்னால் வந்தாள். நெற்றியோடு நெற்றி இடித்துக்கொண்டது. நான் கத்தினேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு, “மொதல்ல அதைப் பாட வைங்க, அப்புறமா என்னை ஆட வைக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குள் சம்பந்தியம்மா ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். மறுக்க முடியுமா? போட்டேன். நாலு வரி ஓடுவதற்குள் அவர் முகம் சுண்டிப்போனது. பாதியிலேயே எழுந்தார்.

“பரவால்ல சம்மந்தி. நீங்க எவ்வளவோ மெனக்கெட்டீங்க. லேப்டாப்புலயே போட்டுக்கலாம். மாமாவுக்கும் அதுதான் பழக்கம்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அத்தனை மரியாதையாகச் சொன்னார். கடைசியில் அந்த மாமன் வேறு திரும்ப உள்ளே வந்துவிட்டார். ஒரு வாரம் டைம் கொடுங்கள், அதற்குள் சரியாகாவிட்டால் நானே தட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை.

முதல் இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்தேன். விஷயம் இதுதான் என்று மெல்லப் புரிந்தது. இசைத்தட்டில் பதியும்போதே அடிக்குரலைக் குறைத்து, கீச்சுக்குரலைக் கூட்டித்தான் பதிவார்களாம். இல்லாவிட்டால் வரிப்பள்ளம் அகலமாகித் தட்டில் இடம் போதாது. கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டும். போனோ ப்ரீஆம்ப் என்று பெயர். முள்ளிலிருந்து வருகிற துளியூண்டு சிக்னலைப் பெரிதாக்குவதும் அதுதான். என் அப்பா காலத்து மைக் செட் பிளேயரில் இருந்தது வேறு மாதிரி முள். தடியான முள், அதுவே கணீரென்று கத்தும், பெட்டி எதுவும் தேவையில்லை. அதைப் பார்த்து வளர்ந்த மிதப்பில்தான் சம்பந்தியிடம் அவ்வளவு பேசியிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

டவுனில் ஏறி இறங்காத எலக்ட்ரானிக்ஸ் கடையில்லை. பாதிப் பேருக்கு நான் கேட்பதே விளங்கவில்லை. மைக்குக்கா என்றார்கள். ஒருவர் மட்டும் சென்னையில் தருவித்துத் தருகிறேன் என்று வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலையைச் சொன்னார். சோப்பு டப்பா அளவு இருக்கிற அந்தப் பெட்டியின் விலைக்கு, நான் வைத்திருக்கிற பெரிய பாக்ஸ் ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவிடலாம். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்கிற நேரத்தில் அதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கடைசியில் ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவாக ஒன்றைப் பிடித்தேன். மூன்று நாளில் வந்தது.

மாட்டினேன். கீச்சு அடங்கியது, அடிக்குரல் மாதிரி ஏதோ அசைந்தது. ஆனால் அதற்குமேல் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். வால்ஸைத் தேடினால் உறுமலுக்குள் எங்கேயோ கிடந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். அந்தக் கம்பெனிக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு, தமிழிலேயே நறுக்கென்று ஒரு விமர்சனம் எழுதினேன். மனைவி வாங்கிப் படித்துவிட்டு இரண்டு வார்த்தையை அழிக்கவைத்தாள். பெட்டியைத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்தேன். வாரத்தில் மிச்சம் இரண்டு நாள்.

மறுநாள் காலையில் ஒரு பெண் வந்தாள். அவர்கள் கிராமத்து அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் என் மைக் செட்தான். முன்பணம் கொடுக்க வந்தவள் மேஜைமேல் இருந்த பிளேயரைப் பார்த்துவிட்டு நின்றாள். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவள், முப்பது வயதுகூட இருக்காது. என்ன பிரச்சினை என்று கேட்டாள். என் புலம்பலை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவன், கொட்டித் தீர்த்தேன். கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து மாட்டிக் காட்டச் சொன்னாள்.

மாட்டினேன். அவள் பாட்டைக் கேட்கவே இல்லை. வயர் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பிளேயர் கொட்டகையின் இந்தக் கோடியில். ஆம்ப்ளிஃபையர் அந்தக் கோடியில். நடுவில் நாற்பதடி வயர். ப்ரீஆம்ப் பெட்டியை ஆம்ப்ளிஃபையர் தலைமேல் வைத்திருந்தேன். மைக் செட்காரன் அப்படித்தான் வைப்பான். மேடை ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம். பிளேயருக்குப் பின்னால் கொக்கி வைத்த ஒரு மெல்லிய பச்சை வயர் தொங்கியது. அதை நான் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். இது என்ன என்று கேட்டாள். அது சும்மா, உபரி என்றேன்.

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது எர்த் வயர். தெருவுக்கெல்லாம் எர்த் கொடுத்துக் கரண்ட் இழுக்கிறவன் இங்கே ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.

“ண்ணா, ஈசிஜி எடுக்கறோம் இல்ல, நெஞ்சுலேந்து வர்ற சிக்னல் இத்துனூண்டுதான் இருக்கும். அதைத் தூரமா நடக்க வுட்டா வழியில இருக்கற கரண்ட் இரைச்சல் எல்லாம் அதுமேல ஏறிக்கும். இதுவும் அப்புடித்தான். பெட்டி மேல தப்பே இல்ல. பொறந்த எடத்துலயே அதைப் பெருசு பண்ணி அனுப்புங்க.”

பெட்டியைத் தூக்கிப் பிளேயருக்குப் பக்கத்திலேயே வைத்தாள். முழ நீள வயர் போதும் என்றாள். பச்சை வயரைப் பெட்டியின் பின்பக்கத் திருகாணியில் முடுக்கினாள். அங்கிருந்து நீள வயர் போகட்டும், ஆனால் மைக் ஓட்டை வேண்டாம், பெரிய சிக்னலுக்கான லைன் ஓட்டையில் கொடுங்கள் என்றாள். அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை.

சுவிட்சைப் போட்டேன். ஒரு சத்தமும் இல்லை. போச்சுடா, புகைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முள்ளை இறக்கினேன். முன்னிசை முடிந்து ‘டூம்’ என்று வந்தது முதல் அடி. தரையிலிருந்து கிளம்பி உள்ளங்கால் வழியாக ஏறியது. பெரிய தந்தி வாத்தியம் ஏதோ ஒன்று, பேர் எனக்குத் தெரியாது, டூம் தத் தத், டூம் தத் தத் என்று நடக்க, அதன் தோளில் உட்கார்ந்துகொண்டு வயலின் போயிற்று. முன்னால் பிராண்டிய அதே வயலின்தான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருஷமாகச் சத்தத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அடுத்த ஊருக்குக் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறேனே ஒழிய, நன்றாக இருக்கிறதா என்று நின்று கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பார்க்காத மாதிரி முன்பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அந்த வருஷம் அவள் ஊர்த் திருவிழாவுக்கு நான் காசு வாங்கவில்லை. விமர்சனத்தையும் அழித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் வாசலிலேயே நின்று கேட்டாள். “அதுதாங்க ஒண்ணு” என்றாள் அவளாகவே. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் பட்டப்பகலில் நான் அவள் இடுப்பில் கை வைத்ததில்லை. அன்று மத்தியானம் வைத்தேன். ஹாரன்களுக்கும் வயர்ச் சுருள்களுக்கும் நடுவில் சுற்றினோம். அவள் வெட்கப்பட்டுச் சிரித்ததில் இரண்டு தடவை தாளம் தப்பியது. அதன்பிறகு தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் ஆடினோம். மூன்றாம் நாள் நான் கீழே பார்க்காமல் ஆடினேன்.

இதற்கிடையில், கெடு முடிகிற அன்று சம்பந்தியம்மா மறுபடியும் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு, “மொத நாள் இவர் வாங்கிட்டு வந்து போட்டப்போ இப்படித்தான் இருந்துச்சு” என்றார். மாமன் பேச்சை எடுக்கவே இல்லை.

மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்புதான் வந்தாள். ஒரு தடவை சேர்ந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டாள். எனக்குத்தான் கொழுப்பாயிற்றே. கல்யாணத்தன்றைக்குப் பார் உன் அப்பன் யார் என்று சொல்லிவிட்டேன். அவள் ஆட்ட வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

வரவேற்பு சாயங்காலம் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில் நடந்தது. ஆட்டத்தில் தரை அதிர்ந்து முள் தாவிவிடக்கூடாது என்று பிளேயரை மேஜையில் வைக்காமல் ஜன்னலின் கல் திண்டில் வைத்தேன். அந்த மலிவுப் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்தது. நான் ஆடப்போய்விட்டால் முள்ளை இறக்க ஆள் வேண்டுமே என்று விழித்தபோது, சம்பந்தியம்மா நான் பார்த்துக்கொள்கிறேன் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

மகள் வெள்ளைக் கவுனில் வந்தாள். நடுக் கூடத்தில் அவள் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. சுற்றிலும் மாப்பிள்ளை வீட்டு ஜனம், கோட்டும் கவுனுமாக. பாட்டு ஆரம்பித்தது. ஆட்டம் தொடங்குவதற்குமுன் கொஞ்சம் முன்னிசை வரும். அந்த இடைவெளியில் என் காதருகே வந்தாள்.

“அப்பா, எனக்கு ஒண்ணுமே வரலப்பா. போன்ல எத்தினி வாட்டி பாத்தாலும் ஒண்ணு எங்க விழுதுன்னே தெரியல. அதான் அன்னிக்கு மாமா ஆடட்டும்னு சொன்னேன். அவரு நல்லா ஆடுவாரு, நான் தப்பு பண்ணாலும் இழுத்துக்குனு போயிடுவாரு. நீ எதுக்கு எல்லாரும் பாக்க என்னோட சேந்து அசிங்கப்படணும்?”

இத்தனை நாளும் நான் ஆடினால் தன் மானம் போகும் என்று அவள் நினைக்கிறாள் என்று நான் வெந்துகொண்டிருந்தேன். அவளோ எனக்காகப் பயந்திருக்கிறாள்.

“நீ பாட்டைக் கேக்காத. என் கைய மட்டும் கவனி” என்றேன்.

டூம் என்று அடி விழுந்தது. அவள் கையை அழுத்தினேன், கால் எடுத்துவைத்தாள். அடுத்த ஒண்ணுக்கு ஓர் அழுத்து, அதற்கடுத்ததற்கு இன்னொன்று. என் புதுச் செருப்பை மூன்று தடவை மிதித்தாள். நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. பாதிப் பாட்டில் அவள் தோள் இளகியது. கடைசிச் சுற்றுக்கு வந்தபோது அழுத்துவதை நிறுத்திப் பார்த்தேன். அவள் நிற்கவில்லை. ஒண்ணு விழுகிற இடத்தில் சரியாக அவள் காலும் விழுந்தது, கவுன் சுழன்றது, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டு முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த ஆட்டம் தன் முறை என்று மாப்பிள்ளை எழுந்து வந்தார். மகள் என் கையை விடவில்லை.

“இன்னொரு வாட்டிப்பா” என்றாள்.

ஊருக்கெல்லாம் மைக் கொடுத்தவன் கையில் அன்றைக்கு மைக் இல்லை. தேவைப்படவும் இல்லை. மாப்பிள்ளையை அப்படியே நிற்கச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கூடத்தின் நடுவிலிருந்தே ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினேன்:

“சம்மந்தி, முள்ளைத் திரும்ப வைங்க.”